ரோமப் பேரரசர் நாணயங்கள்: புதிதாகச் சேர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பதினாறு வருடமாக ரோம நாணயங்களைச் சேர்த்து வருகிறேன். சொந்த ஊர் கரூர்ப் பக்கம், இப்போது இருப்பது இங்கிலாந்தில். நாணயத்தைப் படம் எடுத்து அனுப்பி "இது என்ன?" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவைதான் என்று தெரிந்துவிட்டது. அவற்றை ஒரே இடத்தில் வைக்கிறேன்.

நாணயங்களில் இருப்பது லத்தீன் எழுத்து. அதை இங்கே எழுத்துகளின் ஆங்கிலப் பெயராலேயே எழுதியிருக்கிறேன். 'ஏவிஜி' என்று இருந்தால் மூன்று எழுத்துகள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பேரரசு நாணயம் என்றால் எதிலிருந்து எது வரை?

கி.மு. 27இல் ரோம செனட் ஆக்டேவியனுக்கு 'அகஸ்டஸ்' என்ற பட்டத்தைக் கொடுத்தது. அங்கிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முந்தியவை குடியரசுக் கால நாணயங்கள், அது தனி உலகம். முடிவாக, மேற்கு ரோமப் பேரரசு விழுந்த 476ஐச் சொல்பவர்கள் உண்டு. நான் 498 வரை போகிறேன். அந்த வருடம் கிழக்கு ரோமப் பேரரசர் அனஸ்டேசியஸ் செம்பு நாணயங்களை அடியோடு மாற்றினார். அதற்குப் பின் வருபவை பார்க்கவே வேறு மாதிரி இருக்கும், பைசாண்டைன் என்று தனியாகச் சேர்ப்பார்கள்.

எத்தனை வகை நாணயங்கள் இருந்தன? பெயர்களே குழப்புகின்றன.

அகஸ்டஸ் காலத்துக் கணக்கு எளிது. ஒரு தங்க அவுரியஸுக்கு 25 வெள்ளி டினேரியஸ். ஒரு டினேரியஸுக்கு 4 செஸ்டர்ஷியஸ். ஒரு செஸ்டர்ஷியஸுக்கு 2 டுபோண்டியஸ் அல்லது 4 ஆஸ். செஸ்டர்ஷியஸும் டுபோண்டியஸும் பித்தளை, ஆஸ் செம்பு. செஸ்டர்ஷியஸ் கையில் வைத்தால் கனமாக உட்காரும், சுமார் 25 கிராம். டினேரியஸ் நம் பழைய பத்துப் பைசா அளவுகூட இராது: 18, 19 மில்லிமீட்டர், மூன்றரை கிராம் சுற்றி.

பிறகு ஒவ்வொரு நூற்றாண்டிலும் மாறிக்கொண்டே வந்தது. 215இல் காரகல்லா ஒரு புதிய வெள்ளி நாணயத்தைக் கொண்டுவந்தார். அதை இன்று அன்டோனினியானஸ் என்கிறோம், இரண்டு டினேரியஸுக்குச் சமம் என்று கொள்வது வழக்கம். 294 வாக்கில் டயோக்ளீஷியன் பெரிய செம்பு நாணயம் ஒன்றை வெள்ளி முலாம் பூசி வெளியிட்டார். சேகரிப்பவர்கள் அதை ஃபோலிஸ் என்பார்கள். கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த தங்க சாலிடஸ் நாலரை கிராம். ஒரு ராத்தல் தங்கத்தில் 72 அடித்தார்கள். அது பல நூற்றாண்டு அசையாமல் நின்றது.

நான்காம் நூற்றாண்டுச் செம்புக் காசுகளுக்கு அந்தக் காலத்துப் பெயர் பலவற்றுக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. அதனால் விற்பவர்கள் விட்டத்தை வைத்து ஏஇ1, ஏஇ2, ஏஇ3, ஏஇ4 என்று பிரிப்பார்கள். 17 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் ஏஇ4. அது வெறும் அளவுதான், பெயரில்லை.

ஆயிரத்து அறுநூறு வருடப் பழைய நாணயம் எப்படி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது? போலியோ?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். நான்காம் நூற்றாண்டுச் செம்புக் காசுகள் இங்கே பத்து, இருபது பவுண்டுக்குக் கிடைக்கும். போலி என்பதால் இல்லை, அடித்தது அவ்வளவு. பேரரசு முழுக்கப் பல ஊர்களில் அக்கசாலைகள் (நாணயம் அடிக்கும் இடங்கள்) ராப்பகலாக ஓடின, படைவீரர் சம்பளமே அதில்தான். பயம் வந்தால் மக்கள் பானையில் போட்டு மண்ணில் புதைத்தார்கள். 2010இல் இங்கிலாந்தின் சாமர்செட்டில் ஃப்ரோம் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரே பானையில் 52,503 நாணயங்கள் கிடைத்தன. நானும் முதலில் நம்பவில்லை. மொத்தம் 160 கிலோ.

தங்கம் வேறு கதை. சுமாரான அவுரியஸுக்கே ஆயிரக்கணக்கில் பவுண்டு வேண்டும். என்னிடம் ஒன்றுகூட இல்லை, அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

நாணயம் கைக்கு வந்ததும் முதலில் எதைப் பார்ப்பது?

எடை, விட்டம், உலோகம், தலையில் என்ன இருக்கிறது. இந்த நாலும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 0.01 கிராம் காட்டும் சிறிய எலக்ட்ரானிக் தராசு, விட்டம் அளக்க ஒரு காலிப்பர், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் — இவ்வளவு போதும்.

தலை அலங்காரம் நிறையச் சொல்லும். வாகை இலை மாலை இருந்தால் பொதுவாக முதல் மூன்று நூற்றாண்டு. கதிர்கள் நீட்டிக்கொண்டிருக்கும் கிரீடம் என்றால் இரட்டை மதிப்பு: நீரோ காலத்திலிருந்து டுபோண்டியஸில் அது வரும், பிறகு அன்டோனினியானஸில் வரும். அன்டோனினியானஸில் அரசி என்றால் கிரீடத்துக்குப் பதிலாக அவர் தோளுக்குக் கீழே பிறை இருக்கும். முத்துப் பட்டை கட்டிய தலை கான்ஸ்டன்டைனின் பிற்காலமோ அதற்குப் பிறகோ.

எழுத்துகளை எப்படிப் படிப்பது? எனக்கு லத்தீன் தெரியாது.

லத்தீன் தெரிய வேண்டியதில்லை. நம் கல்வெட்டுகளில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்று தொடங்கி மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு என்று ஒரு வரிசையில் போகும் அல்லவா? ஆயிரம் கல்வெட்டைப் பார்த்தாலும் வார்ப்பு ஒன்றுதான். இங்கேயும் அப்படியே. இருபது சுருக்கங்களை மனப்பாடம் செய்தால் பெரும்பாலான நாணயங்கள் வாய் திறக்கும்.

முதலில் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். 'யூ' என்ற வளைந்த எழுத்து அப்போது இல்லை, 'வி'தான். அதனால் அகஸ்டஸ் என்பது 'ஏவிஜிவிஎஸ்டிவிஎஸ்' என்று இருக்கும், சுருக்கம் 'ஏவிஜி'. வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளியும் பெரும்பாலும் இராது. தலைக்கு இடப்பக்கம் கீழே, கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் தொடங்கி வலமாகச் சுற்றிப் படியுங்கள். முதல் நூற்றாண்டில் சில நாணயங்களில் எழுத்து எதிர்த்திசையில் போகும்.

'ஐஎம்பி' என்றால் இம்பெரேட்டர், படைத்தலைவர் என்று தொடங்கிப் பேரரசர் என்று ஆன சொல். 'சிஏஇஎஸ்' சீசர். 'பிஎம்' தலைமைப் பூசாரி. 'டிஆர்பி' மக்கள் பிரதிநிதிக்குரிய அதிகாரம். 'சிஓஎஸ்' கான்சல், ரோமின் உயர்ந்த ஆட்சிப் பதவி. 'பிபி' நாட்டின் தந்தை. செம்பிலும் பித்தளையிலும் பின்பக்கத்தில் பெரிதாக 'எஸ்சி' என்று இரண்டு எழுத்து நிற்கும், செனட்டின் ஆணைப்படி என்று அர்த்தம். புதியவர்கள் பலரும் அதைத்தான் பேரரசர் பெயர் என்று நினைத்துத் தேடிக் களைத்துப்போகிறார்கள். நான்காம் நூற்றாண்டில் 'டிஎன்' என்று தொடங்கும், 'நம் ஆண்டவர்'. 'நாப் சி' என்று ஒலிக்கும் 'என்ஓபிசி' வந்தால் அவர் இன்னும் இளவரசர், பட்டம் ஏறவில்லை.

வருடம் கண்டுபிடிக்க 'டிஆர்பி'க்குப் பின்னால் வரும் எண் தங்கம் மாதிரி. அந்த அதிகாரம் வருடா வருடம் புதுப்பிக்கப்படும், எண் ஒன்று கூடும். மார்க்கஸ் ஆரேலியஸ் நாணயங்களை இதை வைத்தே வருடம் வாரியாக அடுக்கலாம். 'சிஓஎஸ்' எண் அவ்வளவு துல்லியமில்லை. டிரேஜனுக்கு ஐந்தாவது கான்சல் பதவி என்றால் 103 முதல் 111க்குள், ஆறாவது என்றால் 112 முதல் 117க்குள். ஹேட்ரியன் 119இல் மூன்றாவது முறை கான்சல் ஆனார், அதன் பிறகு 138இல் சாகும்வரை அந்த எண் ஏறவே இல்லை. 'சிஓஎஸ் மூன்று' என்று போட்ட ஹேட்ரியன் நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடம் கேட்டால் யாராலும் அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவர் முகத்தின் பாணி, பட்டத்தின் நீளம் எல்லாம் பார்க்க வேண்டும்.

ஒரு நாணயத்தை வைத்து முழுதாக விளக்க முடியுமா?

என் முதல் நாணயத்தையே எடுத்துக்கொள்கிறேன். 12 பவுண்டு. விற்றவர் 'கான்ஸ்டன்டைன்' என்று மட்டும் எழுதியிருந்தார். விட்டம் 17.5 மில்லிமீட்டர், எடை 2.4 கிராம், செம்பு, மேலே ஆலிவ் நிறப் படலம்.

சமையலறை ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழுமாறு சாய்த்தேன். நேராக வெளிச்சம் விழுந்தால் எழுத்து தெரியாது, சாய்த்தால் நிழல் விழுந்து எழும்பும். 'சிஓஎன்எஸ்டிஏஎன்டிஐஎன்விஎஸ்' சுலபமாக வந்தது. அதன் பிறகு 'ஐவிஎன்' என்று மூன்று எழுத்து. அப்புறம் 'என்ஓபிசி'. 'ஐவிஎன்' என்றால் இளையவர். ஆகவே இது பெரிய கான்ஸ்டன்டைன் இல்லை, அவர் மகன் இரண்டாம் கான்ஸ்டன்டைன். இளவரசராக இருந்தது 317 முதல் 337 வரை.

பின்பக்கம் ஈட்டி பிடித்த இரண்டு வீரர்கள், நடுவில் இரண்டு கொடிக்கம்பங்கள். சுற்றி 'குளோரியா எக்ஸர்சிட்டஸ்', படையின் புகழ். இந்த வகையில் 330இலிருந்து 335 வரை இரண்டு கொடிக்கம்பம், அதற்குப் பிறகு ஒன்றுதான். இருபது வருடம் ஐந்தாகச் சுருங்கியது. கடைசியாக வீரர்களின் காலுக்குக் கீழே, கோட்டுக்கு அடியில், மண் அடைத்திருந்த இடத்தில் மூன்று எழுத்து: 'டிஆர்எஸ்'. 'டிஆர்' இன்றைய ஜெர்மனியில் இருக்கும் ட்ரியர் நகரம். 'எஸ்' அங்கே இரண்டாவது பட்டறை.

ஒரு ஊர், அந்த ஊரில் ஒரு பட்டறை, ஐந்து வருட இடைவெளி. விரல் நகம் அளவுக் காசு இவ்வளவும் சொல்கிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அக்கசாலைக் குறிகளை எங்கே தேடுவது?

மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பிறகுதான் இவை ஒழுங்காக வரும், அநேகமாகப் பின்பக்கத்தில் கோட்டுக்குக் கீழே. 'எல்ஓஎன்' லண்டன், 'எஸ்ஐஎஸ்' குரோஷியாவின் சிஸ்சியா, 'ஏக்யூ' அக்விலேயா, 'ஏஎன்டி' அந்தியோகியா, 'ஏஎல்இ' அலெக்சாண்ட்ரியா. முன்னால் 'எஸ்எம்' வந்தால் 'புனிதப் பணம்' என்று அர்த்தம், அதை விட்டுவிட்டு அடுத்த எழுத்தைப் பாருங்கள். மேற்கில் பட்டறை எண்ணை லத்தீன் எழுத்தால் குறித்தார்கள், கிழக்கில் பெரும்பாலும் கிரேக்க எழுத்தால்.

வகை எண் தேட 'ரோமன் இம்பீரியல் காயினேஜ்' என்ற பெரிய பட்டியல் இருக்கிறது. முதல் தொகுதி 1923இல் வந்தது, எல்லோரும் ஆர்ஐசி என்பார்கள். அதை வாங்க வேண்டாம். அமெரிக்க நாணயவியல் கழகம் 'ஓக்ரே' என்ற இணையத் தரவுத்தளத்தை இலவசமாக வைத்திருக்கிறது. படித்த நாலு எழுத்தை உள்ளே போட்டால் படத்தோடு வரும்.

பின்பக்கத்தில் ஒரு பெண் நிற்கிறாள். எல்லா நாணயத்திலும் அதே பெண்தானா?

இல்லை. கோயில் சிற்பத்தில் சங்கு சக்கரம் பார்த்தால் பெருமாள், வேல் பார்த்தால் முருகன் என்று சொல்கிறோமே, அதே முறை. முகத்தைப் பார்க்காதீர்கள், கையைப் பாருங்கள். சுக்கானும் வளக்கொம்பும் (பழங்கள் நிரம்பிய கொம்பு) பிடித்திருந்தால் ஃபார்ச்சுனா, அதிர்ஷ்டம். பாத்திரத்திலிருந்து பாம்புக்கு ஊட்டினால் சாலஸ், உடல்நலம். ஒரு கையில் பூ, மறு கையால் பாவாடை நுனியைத் தூக்கியபடி நடந்தால் ஸ்பெஸ், நம்பிக்கை. ஆலிவ் கிளை என்றால் பாக்ஸ், சமாதானம். தானியக் கதிர் என்றால் அன்னோனா, ரோமுக்கு வரும் அரிசி கோதுமைக் கணக்கைப் பார்ப்பவள் (அரிசி நான் சேர்த்தது, அங்கே கோதுமைதான்). இறக்கை இருந்தால் விக்டோரியா, வெற்றி. தராசு பிடித்தவள் எக்விட்டாஸா மொனேட்டாவா என்பதுதான் தொல்லை. இருவர் கையிலும் தராசும் வளக்கொம்பும் இருக்கும், எழுத்தைப் படித்தால்தான் தெரியும்.

ஒரே பெயரில் இத்தனை பேர் இருக்கிறார்களே?

ஆம், நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் தடுக்கி விழுவார்கள். அன்டோனினஸ் என்ற பெயரை மார்க்கஸ் ஆரேலியஸ், காரகல்லா, எலகபாலஸ் மூவரும் வைத்திருந்தார்கள். காரகல்லாவும் எலகபாலஸும் 'அன்டோனினஸ் பயஸ் ஏவிஜி' என்றே போட்டுக்கொண்டார்கள். காரகல்லா முரட்டு முகம், புருவம் சுருங்கியிருக்கும். எலகபாலஸ் பையன் முகம், பின்பக்க வெற்றிடத்தில் அடிக்கடி ஒரு நட்சத்திரம் இருக்கும். கான்ஸ்டன்டைன் குடும்பத்தில் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ் என்று கண்ணைக் கட்டும். அங்கே பெயரின் கடைசி மூன்று எழுத்தும் அதற்கு முன்னால் நிற்கும் 'எஃப்எல் ஐவிஎல்' போன்ற முன்பெயரும்தான் கைகொடுக்கும்.

வெள்ளி என்று வாங்கினேன், விளிம்பில் செம்பு தெரிகிறது. ஏமாந்துவிட்டேனா?

எந்தப் பேரரசர் என்பதைப் பொறுத்தது. டினேரியஸில் அகஸ்டஸ் காலத்தில் கிட்டத்தட்டச் சுத்த வெள்ளி. 64இல் நீரோ எடையையும் குறைத்தார், வெள்ளியின் மாற்றையும் குறைத்தார். காரகல்லாவின் அன்டோனினியானஸில் பாதிதான் வெள்ளி. 268இல் இரண்டாம் கிளாடியஸ் வரும்போது வெள்ளி நூற்றுக்குச் சில பங்கே, செம்பின் மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. 274இல் ஆரேலியன் ஓரளவு சரிசெய்து, பல நாணயங்களில் 'எக்ஸ்எக்ஸ்ஐ' என்று குறி போட்டார். இருபது பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளி என்று பலர் பொருள் கொள்கிறார்கள். ஆகவே கிளாடியஸ் நாணயத்தில் செம்பு தெரிந்தால் அது நாட்டின் பஞ்சம், விற்றவர்மேல் குற்றமில்லை.

ஆனால் அகஸ்டஸ் அல்லது டைபீரியஸ் டினேரியஸில் செம்பு தெரிந்தால் அது அந்தக் காலத்திலேயே செய்த கள்ளக்காசாக இருக்கலாம், செம்பு உள்ளே, வெள்ளித் தகடு மேலே. அதையும் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு.

சுத்தம் செய்யலாமா?

வேண்டாம். என் இரண்டாவது நாணயம் டொமிஷியனுடைய ஆஸ். அடர்பச்சைப் படலம், மெழுகு தடவினாற்போல் இருந்தது. நம் வீட்டில் செம்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்கி வளர்ந்தவன் நான். புளியைக் கரைத்து ஊறவைத்தேன். கால் மணி நேரத்தில் ஆயிரத்து தொள்ளாயிரம் வருடம் சேர்ந்த படலம் தண்ணீரோடு போய்விட்டது. கீழே வந்தது இளஞ்சிவப்பான, குண்டும் குழியுமான செம்பு. பேரரசர் தலைமுடியின் சுருள்கள் அந்தப் படலத்தில்தான் இருந்தன, உலோகத்தில் இல்லை. இன்னும் வைத்திருக்கிறேன், பார்த்தால் மனசு கசக்கிறது.

எலுமிச்சை, வினிகர், பித்தளைப் பாலிஷ், பல்பொடி எதுவும் ஆகாது. மண் மட்டும் ஒட்டியிருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் பொறுத்திருந்து, மூங்கில் குச்சியால் மெதுவாகத் தள்ளலாம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், குளோரின் இருக்கும்.

ஒன்றே ஒன்றுக்கு உடனே கவனம் தேவை. வெளிர்பச்சையாகப் பொடி கிளம்பி, குச்சி பட்டால் உதிர்ந்து, அடியில் குழி தெரிந்தால் அது 'வெண்கல நோய்'. குளோரைடும் ஈரமும் சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. கெட்டியான, வழவழப்பான பச்சை நோயில்லை, உதிர்கிற பச்சைதான் நோய். மற்ற நாணயங்களிடமிருந்து தனியாக எடுத்துவைத்து, ஈரமில்லாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். பிறகு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஒரு முறை நானும் வாங்கினேன், டைபீரியஸ் டினேரியஸ் என்று சொல்லி விற்ற ஒன்றை. படத்தில் அழகாக இருந்தது. லென்ஸில் பார்த்தபோது வெற்றிடத்தில் ஊசிமுனை அளவுக் குழிகள், ரவை இட்லியின் மேல்பரப்பு மாதிரி. எழுத்துகளின் ஓரம் கரைந்த சோப்பைப் போல் மழுங்கியிருந்தது. விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த கோடு. எடை 2.6 கிராம். அச்சு வைத்து அடித்த நாணயத்தில் உலோகம் நசுங்கி வெளிப்பக்கம் ஓடியிருக்கும், எழுத்தின் அடி வெட்டியதுபோல் நிற்கும். வார்த்ததில் குமிழியும் மழுங்கலும் வரும், இரண்டு பாதி சேர்ந்த தையலை மறைக்க விளிம்பை அராவுவார்கள்.

அச்சு செய்து அடித்த போலிகள்தான் கஷ்டம். அதற்கு ஒரு வழி: ஒரே அச்சில் பல நாணயம் வரலாம், ஆனால் கையால் அடிக்கும்போது ஒவ்வொன்றும் வேறு மாதிரி நகர்ந்து விழும், வேறு இடத்தில் விரியும். இரண்டு நாணயத்தில் ஒரே கீறல், ஒரே விரிசல், ஒரே வெளி உருவம் என்றால் இரண்டையும் கீழே வையுங்கள். இது புதிய தொழிலும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் பதுவா ஊர்க்காரர் ஜொவான்னி த கவினோ செய்த செஸ்டர்ஷியஸ்கள் இன்று அருங்காட்சியகங்களில் அவர் பெயரிலேயே இருக்கின்றன.

எங்கே, எப்படி வாங்குவது பாதுகாப்பு?

திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று எழுத்தில் தருபவரிடம், நாணயம் இதற்கு முன் யாரிடம் இருந்தது என்று சொல்லத் தெரிந்தவரிடம். இந்த இரண்டாவதை நான் வற்புறுத்துவேன். சீசரைக் கொன்ற புரூட்டஸ் கி.மு. 42இல் அடித்த தங்க நாணயம் ஒன்று, இரண்டு குத்துவாளும் ஒரு தொப்பியும் பொறித்தது, 2020இல் லண்டன் ஏலத்தில் 32 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அதன் பழைய வரலாறாகக் காட்டிய காகிதங்கள் பொய் என்று தெரிந்து, 2023இல் கிரேக்க நாட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நாணயம் அசலாகவே இருக்கலாம், வந்த வழி அசலாக இல்லாவிட்டால் அது திருட்டுப் பொருள். வயலில் தோண்டி எடுத்து, எந்த அடுக்கில் எதோடு கிடந்தது என்று எழுதாமல் விற்றுவிட்டால், அந்த இடத்தின் வயதைச் சொல்லியிருக்கக்கூடிய சாட்சி போய்விட்டது. கழுவாத நாணயங்களை மொத்தமாக மூட்டையில் விற்கும் சந்தை பக்கம் நான் போவதில்லை.

தமிழ்நாட்டில் ரோம நாணயங்கள் கிடைக்கின்றனவாமே, உண்மையா?

ஏராளமாக. கோயம்புத்தூர், கரூர், பொள்ளாச்சி, வெள்ளலூர் என்று கொங்குப் பக்கம் முழுக்கப் புதையல்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் போய்ப் பாருங்கள். "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு (149) முசிறியைச் சொல்கிறது. பொன்னைக் கொண்டுவந்து மிளகை ஏற்றிப்போன யவனர் கப்பல்கள். அதே கணக்கை எதிர்க்கரையிலிருந்து ரோம எழுத்தாளர் பிளினி எழுதினார்: இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஷியஸை உறிஞ்சுகிறது என்று.

கிடைக்கும் வெள்ளியில் இரண்டு வகை மிக அதிகம். ஒன்று அகஸ்டஸ், பின்பக்கம் பேரன்கள் கையஸும் லூசியஸும் கேடயம் ஈட்டியோடு நிற்பது. இன்னொன்று டைபீரியஸ், பின்பக்கம் அமர்ந்த பெண். பைபிளில் "இராயனுடையதை இராயனுக்கும்" என்ற இடத்தில் காட்டப்பட்ட காசு இந்த டைபீரியஸ் வகைதான் என்று பலர் நம்புவதால் அதற்கு விலை எப்போதும் கூடுதல். நீரோ குறைத்த பிறகு அடித்த டினேரியஸ் தமிழ்நாட்டில் குறைவாகவே கிடைக்கிறது. நம் வியாபாரிகள் காசின் முகத்தைப் பார்க்கவில்லை, வெள்ளியின் மாற்றைப் பார்த்தார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செம்புக் காசுகள் கரூர், மதுரை ஆற்றுப்படுகைகளிலும் இலங்கையிலும் நிறைய. அமராவதி மணலைச் சல்லடையில் சலித்துக் காசு தேடுபவர்களைச் சிறுவயதில் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். அதே ஊர்ப் பக்கம் கிடைத்த சேரர் வெள்ளிக் காசில் ரோமத் தலையைப் பார்த்துச் செய்த தலையும் 'மாக்கோதை' என்று தமிழி எழுத்தும் இருக்கின்றன.

சில நாணயங்களில் பேரரசர் முகத்தில் வெட்டு இருக்கிறதே?

1898இல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பானையில் 501 தங்க நாணயங்கள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் தலையின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. அவற்றில் காலத்தால் கடைசி நாணயம் பேரரசர் வெஸ்பாசியனுடையது. ஏன் வெட்டினார்கள் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. உள்ளே செம்பா என்று சோதித்ததாகச் சிலர் சொல்வார்கள், ஆனால் சோதிக்க ஒரே இடத்தில், எப்போதும் முகத்திலேயே வெட்ட வேண்டியதில்லை. இது இனி காசு இல்லை, வெறும் தங்கம் என்று ஆக்கத்தான் அரசர் முகத்தை அழித்தார்கள் என்ற விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அந்தப் புதையலில் ஒரு பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஊரில் நிலத்தில் ரோமக் காசு கிடைத்தால் என்ன செய்வது?

இந்தியாவில் 1878ஆம் ஆண்டு புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றாலே மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதைத் தனியாருக்கு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது. ஊருக்குப் போய்விட்டு வரும்போது மாமா கொடுத்தார், சித்தப்பா கொடுத்தார் என்று பையில் போட்டு வராதீர்கள். இங்கிலாந்தில் என்றால் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இடத்தில் இரண்டு வெள்ளி அல்லது தங்கக் காசு, செம்பு என்றால் பத்து, கிடைத்தால் 14 நாளுக்குள் அதிகாரியிடம் சொல்ல வேண்டும்.

கழுவாதீர்கள், கிடைத்த இடத்தைப் படம் எடுங்கள், பானை ஓடு கிடந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள்.

சேர்த்ததை எப்படி வைப்பது?

மெத்தென்று வளையும் பிவிசி பிளாஸ்டிக் உறை வேண்டாம், வருடம் போனால் பச்சைப் பிசினாகக் காசில் ஒட்டும். காகித உறை அல்லது மரத்தட்டு நல்லது. விளிம்பைப் பிடித்து எடுங்கள், கீழே துணி விரித்துக்கொண்டு.

ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு எழுதி வையுங்கள்: பேரரசர், வகை, அக்கசாலை, எடை, விட்டம், யாரிடம், எந்த நாள், என்ன விலை, அதற்கு முன் யாரிடம். பழைய சீட்டு வந்தால் எறியாதீர்கள். என்னிடம் ஒரு ஹேட்ரியன் டினேரியஸ் இருக்கிறது. அதோடு வந்த மஞ்சளித்த சீட்டில் யாரோ பேனா மையால் '1931' என்று எழுதி, பேரரசர் பெயரைத் தப்பாக 'டிரேஜன்' என்று போட்டு, அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். அதற்குக் கீழேதான் என் சீட்டை வைத்திருக்கிறேன்.